ஆப்பிள் பெட்டி வந்த வழி

சேலம் சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரமாக ஒரு பழக்கடை. 2025 ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். மார்க்கெட்டிலிருந்து வந்து இறங்கிய மரப்பெட்டி ஒன்றைக் கடைக்காரர் தரையில் வைத்து, சுத்தியலின் பின்பக்கக் கொக்கியால் மேல் சட்டங்களை நெம்பினார். ஆணிகள் கிறீச்சிட்டுக் கழன்றன. சட்டம் விரல் கனம்கூட இல்லை. வெளிறிய, லேசான மரம். உள்ளே முதலில் கண்ணில் பட்டது வைக்கோல்தான். ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். நம் ஊர் வைக்கோல் போலவே இருந்தது. ஒரு தாளில் இரண்டு பதர்கூட ஒட்டிக்கொண்டிருந்தன.

மேல் வரிசைப் பழங்கள் சிவப்பாக, திடமாக இருந்தன. அடிக்குப் போகப் போக ஒவ்வொன்றிலும் பழுப்பாக ஒரு தழும்பு. கட்டைவிரல் வைத்தால் உள்ளே இறங்கியது. கடைக்காரர் அவற்றைப் பொறுக்கித் தனியாக வைத்தார். பதினொன்று.

“மேல ரோடு அடைச்சுக் கெடந்துதுங்க. நின்னு வந்த லோடு. அடியில இருக்கறது இப்படித்தான் வரும்” என்றார்.

அவர் ‘மேல’ என்று சொன்ன இடம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அடைபட்ட அந்த ரோடும், எங்கள் முதுகுக்குப் பின்னால் லாரிகள் இரைந்துகொண்டிருந்த ரோடும் ஒன்றேதான். தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிற, நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலை. 2010-இல் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, பல பழைய சாலைகளை ஒன்றாகக் கோத்து இந்த எண்ணை வைத்தார்கள். நம் பக்கத்தில் அது அதுவரை ஏழாம் எண் சாலை. காஷ்மீரில் 1ஏ. எண் ஒன்றானதே தவிர இரண்டு முனைகளின் வாழ்க்கையும் ஒன்றாகவில்லை. இங்கே ஒரு வழி அடைபட்டால் சுற்றிப் போக இன்னொன்று இருக்கிறது. அங்கே நெடுங்காலமாக இருப்பது ஒரே வாசல். அந்தப் பதினொரு பழங்களின் தழும்புக்குக் காரணம் தேடிப் போனால், அந்த வாசலின் கதைக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

*

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு ஒரு நீள்வட்டத் தாம்பாளம் போன்றது. சுற்றிலும் மலை விளிம்பு. ஒரு காலத்தில் இது முழுக்க ஏரியாக இருந்தது என்று பழைய நீலமத புராணம் சொல்கிறது. மண்ணைத் தோண்டிப் பார்த்த புவியியலாளர்களும் ஏரிப் படிவுகளைக் கண்டு அதையேதான் சொல்கிறார்கள். நிரம்பி நின்ற நீர் வடமேற்கே பாராமுல்லா அருகில் மலையை அறுத்துக்கொண்டு வெளியேறியது. அதுதான் ஜீலம் நதி போகிற வழி. தண்ணீர் கண்டுபிடித்த வழியே மனிதனுக்கும் எளிய வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மகாராஜா ஆட்சியில் ஜீலம் ஆற்றோரமாகவே வண்டிச்சாலை போட்டார்கள். ஸ்ரீநகரிலிருந்து பாராமுல்லா, முசாபராபாத், கோஹாலா என்று இறங்கி ராவல்பிண்டி ரயிலைப் பிடிக்கலாம். பள்ளத்தாக்கின் பழமும் சால்வையும் வெளியே போனதும், உப்பும் துணியும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களும் உள்ளே வந்ததும் பெரும்பாலும் அந்த வழியில்தான்.

1947 அக்டோபரில் ஆயுதம் தாங்கிய பழங்குடிப் படைகள் அதே சாலையில் பாராமுல்லாவைத் தாண்டியும் வந்தன. போர் முடிந்தபோது சாலை நடுவில் அறுபட்டிருந்தது. ஜம்முவைச் சியால்கோட்டோடு இணைத்த ரயில் பாதையும் அறுபட்டது. நதி போகிற பக்கத்துக் கதவு மூடிக்கொண்டது. மிஞ்சியது தெற்கே பீர் பஞ்சால் மலைச்சுவர். அந்தச் சுவரில் ஏறி இறங்கும் ஒரு பாதை முன்பே இருந்தது: பானிஹால் வண்டிச்சாலை.

மகாராஜா பிரதாப் சிங் காலத்தில் போடப்பட்டு, 1922-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட சாலை அது. ஜம்மு நகரில் இன்றைக்கும் ‘பி.சி. ரோடு’ என்கிறார்களே, அந்த பி.சி. ‘பானிஹால் கார்ட்’, அதாவது இந்தப் பானிஹால் வண்டிச்சாலைதான். அதற்கு முன் அது மன்னர் குடும்பத்துக்கும் அரசு ஆட்களுக்குமான தனி வழி. 1872 முதல் கோடையில் ஸ்ரீநகர், குளிரில் ஜம்மு என்று தலைநகரமே ஆண்டுக்கு இருமுறை இடம் மாறிக்கொண்டிருந்தது. ‘தர்பார் மாற்றம்’ என்று அதற்குப் பெயர். கோப்புகளைப் பெட்டியில் அடைத்து, பூட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓர் அரசாங்கம் மலையேறிப் போய்வந்தது. 2021-இல் நிறுத்தப்பட்ட அந்த வழக்கம் 2025-இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது.

சாலை பானிஹால் கணவாயின் உச்சியைத் தொட்டுத்தான் போனது. 2,832 மீட்டர் உயரம். ‘பானிஹால்’ என்ற சொல்லுக்கே காஷ்மீரியில் பனிப்புயல் என்று பொருள். பெயருக்கேற்ப, குளிர்காலம் வந்தால் கணவாய் பனியில் புதைந்துவிடும். ஊருக்கு இருக்கிற ஒரே வாசலும் மாதக்கணக்கில் அடைபட்டால் என்ன செய்வார்கள்? வீட்டுக்குள் சேமித்து வைப்பார்கள். கோடையில் சுரைக்காயை நீள நீளமாக அரிந்து கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிடுகிறார்கள். அது ‘அல் ஹச்சி’. கத்தரிக்காய் ‘வாங்கன் ஹச்சி’. தக்காளியும் மீனும்கூடக் காய்கின்றன. மொத்தத்துக்கும் ‘ஹோக் ஸ்யுன்’ என்று பெயர். நம் வீட்டில் கத்தரி வற்றலும் மாவற்றலும் நாக்குக்காகப் போடுகிறோம். அங்கே அது சாலையை நம்ப முடியாத ஒரு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிக்கொண்ட தற்காப்பு. ஒரு சாலையின் வரலாற்றைச் சமையலறைக் கயிற்றிலும் படிக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அதைப் பற்றி அறிந்தபோதுதான்.

*

கதவு இல்லாத வீட்டில் சுவரைத்தான் துளைக்க வேண்டும். 1954-இல் பீர் பஞ்சாலைக் குடையத் தொடங்கினார்கள். ஆல்ஃப்ரட் குன்ஸ், சி. பார்செல் என்ற ஜெர்மானியப் பொறியாளர்கள் வேலையை நடத்தினார்கள். 1956 டிசம்பர் 22 அன்று முதல் குழாய் வண்டிகளுக்குத் திறந்தது. பிறகு இரண்டாவது குழாயும் சேர்ந்து, போக ஒன்று வர ஒன்று என்றானது. இரண்டரை கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம், 2,194 மீட்டர் உயரம். நேருவின் பெயரால் ஜவஹர் சுரங்கப்பாதை. கணவாயின் உச்சியைவிட அறுநூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்த வழி. குளிர்காலத்திலும் வண்டி போகலாம் என்ற நம்பிக்கை பள்ளத்தாக்குக்கு அன்றுதான் முதன்முதலாக வந்தது.

அந்தத் தலைமுறைப் பயணிகள் பலருக்கும் காஷ்மீரின் முதல் காட்சி அந்தக் குழாயின் வடக்கு வாயில்தான். நெஞ்சை அடைக்கும் புகையும் இருட்டுமாக வண்டி ஊர்ந்துபோகும். திடீரென்று வெளிச்சம். கீழே, வெகு தூரத்துக்குத் தட்டையாக விரிந்த பச்சை வயல்கள், நெடுநெடுவென்று பாப்லர் மர வரிசைகள். மலையடிவாரத்தில் வேரிநாக் ஊற்று. ஜீலம் அங்கேதான் பிறக்கிறது. நதி பிறக்கும் இடத்துக்கு மேலே மனிதன் நுழைகிறான். நதி வெளியேறும் இடத்தில் மனிதனுக்கு வழியில்லை. பள்ளத்தாக்கின் நிலைமை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது.

2013-இல் ரயில் அந்த மலையை இன்னும் தாழ்வாகக் குடைந்தது, 11.2 கிலோமீட்டர் நீளம். 2021 ஆகஸ்டில் சாலைக்கும் அதே மாதிரி ஆழத்தில் புதுச் சுரங்கம் வந்தது. பானிஹாலிலிருந்து காஜிகுண்ட் வரை 8.45 கிலோமீட்டர், 1,790 மீட்டர் உயரம், இரட்டைக் குழாய். ஐந்நூறு மீட்டருக்கு ஓர் இணைப்பு வழி. தூரத்தில் 16 கிலோமீட்டர் மிச்சம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1922-இல் 2,832 மீட்டர். 1956-இல் 2,194. 2021-இல் 1,790. தொண்ணூற்றொன்பது ஆண்டுகளில் இந்தச் சாலை ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறங்கியிருக்கிறது. நெடுஞ்சாலைகள் நீள்வதைப் பற்றியும் அகல்வதைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். இது ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு படி தாழ்ந்து, மலையின் தோளிலிருந்து வயிற்றுக்குள் போயிருக்கிற சாலை.

*

நம் பெட்டி புறப்பட்டது சோப்பூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் விளையும் ஆப்பிளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காஷ்மீருடையது. சோப்பூர், சோப்பியான், புல்வாமா, அனந்தநாக் என்று எங்கும் தோட்டங்கள். ஆகஸ்டில் தொடங்கும் பறிப்பு செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்கு வரும். ‘டெலிஷியஸ்’ ரகம் சிவந்து நிற்கும். பெட்டிக்கான பலகை பாப்லர் மரம். உள்ளே போடும் வைக்கோல் அறுவடையான நெல்வயலிலிருந்து வருகிறது. ஆமாம், காஷ்மீரிகள் சோற்றுக்காரர்கள். கோதுமை தின்னும் வடக்கைத் தாண்டிப் போனால் அந்தக் கடைசியில் நம்மைப் போல மூன்று வேளையும் சோற்றை நினைக்கிற ஒரு ஜனம் இருக்கிறது.

லாரி நெடுஞ்சாலையில் ஏறுகிறது. பள்ளத்தாக்குக்குள் இந்தச் சாலை சமதளம், நல்ல சாலை. பாம்பூர் மேட்டு நிலத்தில் குங்குமப்பூ வயல்கள். ஐப்பசியில் ஊதாப் பூ பூக்கும். அவந்திபுராவில் ஒன்பதாம் நூற்றாண்டு மன்னன் அவந்திவர்மன் கட்டிய கோயில்களின் இடிபாடு சாலையை ஒட்டியே நிற்கிறது. சங்கம் ஊரைச் சுற்றி இருபுறமும் கிரிக்கெட் மட்டைக் கடைகள். வில்லோ மரக் கட்டைகள் கோபுரம் கோபுரமாகக் காய்கின்றன.

பாம்பூருக்கும் அவந்திபுராவுக்கும் நடுவே லேத்போரா. 2019 பிப்ரவரி 14 அன்று, இந்தச் சாலையில் வந்துகொண்டிருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பேருந்து மீது வெடிமருந்து ஏற்றிய கார் மோதியதில் நாற்பது பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர், ஒருவர் அரியலூர் மாவட்டத்துக்காரர். தமிழ்நாட்டுக் கிராமங்கள் இரண்டில் இந்த நெடுஞ்சாலையின் பெயர் ஒப்பாரியோடு கேட்டது. அதன்பின் சில வாரங்களுக்கு, வாரத்தில் இரண்டு நாள் பொதுமக்கள் வண்டி சாலையில் ஏறவே தடை இருந்தது. நோயாளியும் மாணவனும் கல்யாண வண்டியும் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டியிருந்தது. இருப்பது ஒரே சாலை என்றால் பட்டாளத்துக்கும் பழத்துக்கும் அதுவேதான். ஒன்றின் துயரம் மற்றதன் மேல் விழாமல் இருக்காது.

காஜிகுண்ட் வந்ததும் லாரி நிற்கிறது. இங்கிருந்து கீழே இறங்க நேரம் கேட்க வேண்டும்.

*

ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது போக்குவரத்துப் போலீஸாரின் அன்றைய அறிவிப்பு. எந்தப் பக்கத்துக் கனரக வண்டிகள், எத்தனை மணி வரை, எந்த இடத்திலிருந்து விடப்படும் என்று அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கும்: வானிலை சரியாக இருந்தால், சாலை சரியாக இருந்தால். நீண்ட காலம் லாரிகள் ஒருநாள் மேலே, மறுநாள் கீழே என்று முறை வைத்துத்தான் ஓடின. இதற்கெல்லாம் காரணம், புதுச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் தொடங்குகிற 36 கிலோமீட்டர்.

பானிஹாலிலிருந்து ராம்பன் வரை சாலை பிஷ்லாரி ஓடையின் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு செனாப் நதியை நோக்கி இறங்குகிறது. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பாதாளம். அங்குள்ள பாறை பெரும்பாலும் ஏடு ஏடாகப் பிரியும் சிலேட், ஃபில்லைட் வகை. இமயம் இளமையான மலை; இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது, நொறுங்கிக்கொண்டும் இருக்கிறது. மழை இந்த ஏடுகளின் இடுக்கில் இறங்கினால் மேலேட்டைக் கீழேடு தாங்காது. மழை நின்று வெயில் அடித்த பிறகும் கல் உதிரும். ஈரமே இல்லாத நாளில்கூட, மேலே ஓர் ஆடு கால் வைத்தால் போதும், கல் வேகம் பிடித்து வரும். ஆங்கிலத்தில் ‘ஷூட்டிங் ஸ்டோன்’ என்பார்கள். உண்மையாகவே துப்பாக்கிக் குண்டு மாதிரிதான் வந்து விழும். மெஹர், டிக்டோல், பந்தியால் என்று ஒவ்வொரு வளைவின் பெயரும் ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். பந்தியாலில் கல்மழைக்குக் கீழே இரும்புக் கூரை போட்டுக்கூடப் பார்த்தார்கள். 2023 மார்ச்சில் அங்கே ஒரு குட்டிச் சுரங்கம் திறந்த பிறகுதான் அந்த ஓர் இடத்துக்காவது மூச்சு வந்தது.

இன்னோர் இடத்தின் பெயர் கூனி நாலா. ‘இரத்த ஓடை’ என்று பொருள். 2022 மே மாதம் அங்கே சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தபோது முகப்பு சரிந்து பத்துத் தொழிலாளர்கள் புதைந்து மாண்டார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் அவர்களில் உண்டு. சாலை திறக்கும்போது கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். மலைக்குள் இருந்தபடியே போனவர்களின் பெயரும் அதே கல்லில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த 36 கிலோமீட்டரை நான்குவழியாக அகலப்படுத்தும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அகலம் வேண்டுமென்றால் மலையின் அடிவாரத்தை வெட்ட வேண்டும். அடிவாரம்தான் மேலே இருக்கும் சரிவைத் தாங்குகிற கால். நெற்குவியலின் அடியில் ஒரு கை அள்ளினால் மேலிருந்து சரிவதைக் களத்தில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இப்போது வெட்டுவதைவிடச் சுரங்கமும் தூண் பாலமும் மேல் என்று அந்தப் பகுதியில் திட்டங்கள் மாறியிருக்கின்றன. மலையோடு மல்லுக்கு நிற்காமல் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொள்ள இத்தனை காலமும் இத்தனை உயிரும் ஆகியிருக்கின்றன. 2025 ஏப்ரல் 20 அன்று ராம்பனில் கொட்டிய மழையில் மலைச்சேறு இறங்கி மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. நெடுஞ்சாலை பல இடங்களில் சேற்றுக்கடியில் போய் நாள்கணக்கில் அடைபட்டது.

லாரி நிற்கும்போது என்ன நடக்கிறது? ஓட்டுநர் சக்கரத்துக்குக் கல் கொடுக்கிறார். கிளீனர் ஸ்டவ்வைப் பற்ற வைக்கிறார். பெட்டிக்குள் இருக்கும் பழத்துக்கு மட்டும் ஓய்வு இல்லை. பறித்த ஆப்பிள் உயிருள்ள பொருள். மூச்சு விடுகிறது, மூச்சு விட விடச் சூடு உண்டாகிறது, தானே ஒரு வாயுவை வெளியிட்டுத் தன்னையும் பக்கத்துப் பழத்தையும் பழுக்க வைக்கிறது. ஓடுகிற வண்டியில் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். நின்ற வண்டியில், தார்ப்பாய்க்கு அடியில், சூடு அடைந்து நிற்கிறது. மேலே எட்டுப் பத்து அடுக்குப் பெட்டிகளின் பாரம். அடிப்பெட்டியின் அடிவரிசைப் பழம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மெதுவாக இளகுகிறது. நான் சேலத்தில் கட்டைவிரல் வைத்து அழுத்திய தழும்பு பிறப்பது அப்படித்தான். அது மலையில் நின்ற நேரம் பழத்தின் மேல் எழுதிய கணக்கு.

*

ராம்பன் தாண்டி செனாப்பைக் கடந்தால் பீடா. சாலையோரக் கடைகளில் ராஜ்மாவும் சோறும், மேலே உருக்கிய நெய், பக்கத்தில் மாதுளை விதைச் சட்னி. அந்த வழியில் போகிற யாரும் சாப்பிடாமல் தாண்டுவதில்லை. அடுத்து நாஷ்ரி. 2017 ஏப்ரல் 2 அன்று திறந்த சுரங்கம், சுமார் 9 கிலோமீட்டர். இது வந்ததும் பத்னிடாப் மலைமேல் ஏறி இறங்கும் சாலை தேவையில்லாமல் போனது. முப்பது கிலோமீட்டர் மிச்சம். ஒரு காலத்தில் ஏறத்தாழ 300 கிலோமீட்டராக இருந்த ஜம்மு–ஸ்ரீநகர் இப்போது ஏறத்தாழ 250.

மிச்சமான முப்பது கிலோமீட்டரில் ஊர்கள் இருந்தன. படோட், குத். குத் என்றால் பதீசா. நெய் மணக்க, இழை இழையாக உதிரும் இனிப்பு. ஜம்முவிலிருந்து மேலே போகும் பேருந்தெல்லாம் அங்கே நின்றது. சூடாகக் கொடுப்பார்கள். சுரங்கம் திறந்த மறுநாள் முதல் அந்தப் பேருந்துகள் வரவில்லை. பத்னிடாப்புக்கு வேடிக்கை பார்க்க வருகிறவர்களும், சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாத எரிபொருள் டேங்கர்களும்தான் இப்போது அந்த வழியில். நம் ஊரில் பைபாஸ் வந்தபோது பேருந்து நிலையத்துக் கடைகளுக்கு நடந்தது மலைமேல் ஓர் ஊர் முழுவதற்கும் நடந்திருக்கிறது. சாலை குறுகும்போது யாருடைய தூரம் நீள்கிறது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

*

சுரங்கம் தாண்டினால் ஆபத்து முடிந்தது என்றுதான் இருந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில் ஜம்மு பகுதியில் வரலாறு காணாத மழை. இந்த முறை அடி விழுந்தது ராம்பனுக்கும் கீழே, உதம்பூர் பக்கம். தராட் என்ற இடத்தில் மலைச்சரிவு சாலையையே விழுங்கியது. நான்குவழி நெடுஞ்சாலை இருந்த இடத்தில் சேற்றுக்குழம்பு. சிறு வண்டிகளை எப்படியோ விட்டார்கள். ஆப்பிள் லாரிகள் வாரக்கணக்கில் நின்றன. பறிப்பு உச்சத்தில் இருந்த நேரம். காஜிகுண்டில் வரிசை நீண்டுகொண்டே போனது. பெட்டியிலிருந்து சாறு ஒழுகுவதையும், அழுகிய பழத்தைச் சாலையோரம் கொட்டுவதையும் செய்திப் படங்களில் பார்த்தோம். மண்டிகள் கதவடைத்துப் போராடின. சோப்பியானிலிருந்து பீர் கி கலி வழியாகப் போகும் முகலாயச் சாலை இருந்தது. ஆனால் அது 3,490 மீட்டர் ஏறுகிற ஒடுங்கிய வழி. பெரிய லாரிகளின் பாரத்தை அது எவ்வளவு தாங்கும்?

அந்த நெருக்கடியில்தான் ரயில் கைகொடுத்தது. 2025 ஜூனில்தான் பள்ளத்தாக்கு ரயில், செனாப் பாலம் வழியாக நாட்டின் மற்ற பாதைகளோடு இணைந்திருந்தது. ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலம் அது. செப்டம்பர் நடுவில் பட்காமிலிருந்து டெல்லிக்குத் தினசரிச் சரக்கு ரயிலில் ஆப்பிள் பெட்டிகள் போகத் தொடங்கின. விளைந்த மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது சிறங்கையளவு. ஆனாலும் 1947-க்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கின் பழத்துக்குக் குளிரிலும் நம்பத்தக்க இரண்டாவது வாசல் ஒன்று திறந்தது என்ற அளவில் அது பெரிய நாள்.

இந்தச் சாலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘எப்போது வேலை முடியும்’ என்று கேட்கிறார்கள். சமவெளிச் சாலைக்குத்தான் அந்தக் கேள்வி பொருந்தும். அங்கே சாலையைப் போட்டு முடிக்கலாம். மலைச்சாலை முடிவதில்லை, குழந்தையையும் வயலையும் போல அன்றாடம் பார்த்துக்கொள்ள வேண்டியது. நள்ளிரவில் கல் விழும் வளைவில் புல்டோசரோடு காத்திருக்கும் ஓட்டுநர், சரிவைப் பார்த்து ‘இப்போது விடு, இப்போது நிறுத்து’ என்று விசிலடிக்கும் காவலர், வாய்க்கால் அடைப்பை எடுக்கும் கூலியாள் இவர்களால்தான் அது ஒவ்வொரு நாளும் சாலையாக இருக்கிறது. பெரிய சுரங்கத்துக்குச் செலவிடுகிற அக்கறை அந்த அன்றாடப் பராமரிப்புக்கும், அழுகும் சரக்கை முதலில் விடுகிற ஒழுங்குக்கும், இரண்டாம் வாசலுக்கும் வேண்டும். ஒரே வாசலை எவ்வளவு அகலமாக்கினாலும் அது ஒரே வாசல்தான்.

*

ஜம்முவுக்குக் கீழே கதை வேகமாக ஓடிவிடுகிறது. பதான்கோட், ஜலந்தர், அம்பாலா, டெல்லி. பெரும்பாலான பெட்டிகள் ஆசாத்பூர் சந்தையில் கைமாறுகின்றன. பிறகு ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், கர்நூல், பெங்களூரு. ஓசூரில் தமிழ்ப் பலகைகள் தொடங்குகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டினால் இந்த எண்ணின் மேல் இன்னொரு மலை இறக்கம் காத்திருக்கிறது: தொப்பூர் கணவாய். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் போன லாரிகளின் கதையைச் சேலத்துக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். பானிஹாலைத் தாண்டி வந்த பெட்டி கடக்கிற கடைசிக் கணவாய் நம்முடையது.

அங்கிருந்து அரை மணியில் சேலம். கடை. சுத்தியல்.

ஒதுக்கி வைத்த பதினொரு பழத்தில் நான்கை ஜூஸ் கடைக்குக் கொடுக்கலாம் என்றார் கடைக்காரர். மற்றது நஷ்டம். அவருக்கு ஏழு பழம். சோப்பூரில் பெட்டி கட்டியவருக்கு, அந்த லாரி இன்னும் நாலு நாள் நின்றிருந்தால், ஓர் ஆண்டு. இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம ரோடுதானுங்களே அது” என்றார்.

பெட்டியைக் கவிழ்த்து வைக்கோலை உதறி ஒரு சாக்கில் அடைத்தார். வீட்டில் மாடு இருக்கிறதாம். எங்கோ பனிமலை அடிவாரத்தில் விளைந்த நெல்லின் தாள், ஆப்பிள் வாசனையோடு, அன்று சாயங்காலம் சேலத்துப் பசு ஒன்றுக்குத் தீனியானது.